மூன்று இன்ஜினும் ஒரு பத்திரிகையும்

"இன்னைக்காவது முடிவு சொல்லுங்க சார். பெட்ரோலா, சின்ன டீசலா, பெரிய டீசலா?" என்று ஜீவா நான்காவது முறையாகக் கேட்டான்.

அறிவுச்செல்வன் நான்காவது முறையாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சி புறவழிச்சாலையில் ஜீவா பழைய கார் விற்கும் இடத்தில், ஒரே அச்சில் வார்த்தது போல மூன்று வெள்ளைக் கார்கள் நின்றன. மூன்றும் ஜெர்மன்காரன் செய்தவை. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, உட்கார்ந்தால் இடுப்பைத் தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு எல்லாம் உண்டு. சென்னையில் யாரோ வசதியானவர்கள் எட்டு வருடம் ஓட்டி அலுத்துப்போய் விற்றதால், சின்னப் புதுக்கார் விலைக்கு இறங்கி வந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. பானெட்டைத் திறந்தால்தான் ஒன்றில் பெட்ரோல் இன்ஜின், ஒன்றில் நாலு சிலிண்டர் டீசல், இன்னொன்றில் ஆறு சிலிண்டர் டீசல் என்பது தெரியும்.

அறிவுச்செல்வன் மணலூர்பேட்டைக்காரர். கரும்பில் எந்த ரகம் என்று கேட்டால் கரணையைக் கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவார். இன்ஜினில் எந்த ரகம் என்ற கேள்வி அவரைப் பதினைந்து நாளாகத் தூங்கவிடவில்லை. மனைவி விஜயலட்சுமிக்கு டீசல் வாடை ஆகாது, அதனால் பெட்ரோல் என்றாள். களமருதூர் சம்பந்தி, பெட்ரோல் வண்டி வாங்குகிறவனுக்குப் பங்க்கில்தான் குடித்தனம் என்றார். மகள் ஜெயசுதா ஒருத்திதான் ஒன்றும் சொல்லவில்லை. வருகிற ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் காரே.

"ஆடி பொறக்க இன்னும் பத்து நாளுதான் இருக்குது. ஆடியில நீங்களும் வாங்க மாட்டீங்க, நானும் விக்க முடியாது" என்றான் ஜீவா.

அப்போதுதான் அறிவுச்செல்வன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"எங்கண்ணன் ஒரு தரம் இன்ஜினக் கேட்டுச் சொல்லிட்டா எடுத்துக்கறேன்."

"எந்த அண்ணன் சார்?"

"கவியரசன்."

ஜீவா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். கள்ளக்குறிச்சியில் வண்டித் தொழிலில் இருக்கிற எவனும் அந்தப் பெயருக்கு எழுந்துதான் ஆகவேண்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த காலத்தில், டீ குடித்துக்கொண்டே, சாலையில் போகிற லாரிக்கு எத்தனையாவது சிலிண்டரில் கோளாறு என்று சொன்ன மனிதர் அவர். லாரிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு பட்டறையை மூடிவிட்டு, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போய்விட்டார்.

"அவரு உங்க அண்ணனா? அப்ப போன் போட்டு வரச்சொல்லுங்களேன்."

"நான்தான் எட்த்துக்கினு போவணும்" என்று மட்டும் சொன்னார் அறிவுச்செல்வன். அண்ணனுக்கும் தனக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை என்பதைப் பழைய கார் விற்கிறவனிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. நம்மிடம் மறைக்க அவருக்கு வழியில்லை.

மேடைப் பேச்சுக்கு உருகிய ஒரு தகப்பனார் மூத்தவனுக்குக் கவியரசன் என்று பெயர் வைத்தார். அந்தக் கவியரசன் கிரீசில் புரண்டார். இளையவனுக்கு அறிவுச்செல்வன் என்று வைத்தார். அந்த அறிவு செய்த காரியம் என்னவென்றால், ஆறு வருடத்துக்கு முன்பு புதுவீடு கட்டிக் குடிபோனபோது ஐநூறு பத்திரிகை அடித்தார். அச்சகத்திலிருந்து கட்டு வந்து பிரித்தால், 'தங்கள் வருகையை விரும்பும்' என்று போட்டிருந்த பெயர்களில் மச்சினன் மகன் பெயர்கூட இருந்தது. சொந்த அண்ணன் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிருந்தது.

திரும்ப அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து யோசித்தார். பிறகு அண்ணனுக்குக் கொடுக்கப்போகிற ஒரே ஒரு பத்திரிகையில் மட்டும், பால்பாயிண்ட் பேனாவால், அச்செழுத்து மாதிரியே அழகாக 'கவியரசன்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கவியரசன் அதை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்து முடிவெட்டப் போன கடைச் சுவரில் அதே பத்திரிகை குத்தியிருந்தது. அதில் அவர் பெயர் இல்லை. டீக்கடையில் இருந்ததிலும் இல்லை. நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டுக்கு மோட்டார் இறக்கிக் கொடுத்ததே அவர்தான்.

"ஐநூறு பத்திரிகையில நான் உனக்கு யாரும் இல்ல. எங்கிட்ட இருக்கற ஒண்ணுல மட்டும் அண்ணனாடா?"

தம்பியிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். கவியரசனுக்குப் பிள்ளை கிடையாது. ஜெயசுதாவுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, காதுகுத்தும்போது மடியில் வைத்துக்கொண்டது எல்லாம் அவர்தான். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணம். பத்திரிகை அடிக்க வேண்டும், அதுவும் ஆடி பிறப்பதற்குள் அடித்தாக வேண்டும். அதில் பெரியப்பா பெயரைப் போட்டு அவர் வராமல் போனால் மண்டபம் முழுக்க விசாரிக்கும். போடாமல் விட்டால் பழைய தப்பை இரண்டாம் முறை செய்ததாக ஆகும். காரணம் இல்லாமல் போய்க் கூப்பிட அறிவுச்செல்வனுக்குக் கூச்சம், பயம், கொஞ்சம் வீம்பு. ஆகவே, கார் வாங்குவது உண்மைதான் என்றாலும், அண்ணனைப் பார்க்கவேண்டும் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

தன் பழைய சின்னக் காரை ஜீவாவிடம் பிணையாக நிறுத்திவிட்டு, பெரிய டீசலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறியது வண்டி. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும், அண்ணனிடம் முதலில் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் மறந்துபோயிற்று.

சாலையோரத்தில் தகரக் கொட்டகை, சுற்றிலும் பழைய டயர்கள். கவியரசன் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. லாரிக்காரர்கள் வரிசையில் நின்ற மனிதர் பஞ்சர் ஒட்டுவதை அறிவுச்செல்வன் வண்டிக்குள் இருந்தே பார்த்தார். மலையில் வண்டி கம்மி, வேறென்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாரன் அடித்தார். அண்ணன் திரும்பவில்லை. இன்னொரு முறை நீளமாக அடித்தார். டியூபைத் தேய்க்கிற கை நிற்கவே இல்லை. 'கோவம் அப்படியே இருக்குது' என்று அறிவுச்செல்வன் மனசுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

உள்ளேயிருந்து அண்ணி பச்சையம்மாள் ஓடி வந்தாள்.

"வாங்க தம்பி. விஜயா வரலியா? ஜெயா எப்பிடி கீது?" என்றவள், கணவனின் தோளைத் தொட்டாள். கவியரசன் திரும்பினார். தம்பியைப் பார்த்தார். முகத்தில் என்னவோ ஒன்று வந்து அப்படியே உள்ளே போனது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்து, தம்பியைத் தாண்டி காரிடம் போனார்.

பேச்சு நின்றுபோன உறவுக்காரர்கள் பேசிக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நடுவில் ஒருவரை நிறுத்தி, இரண்டு பேரும் அவரிடம் பேசுவார்கள். இரண்டு முழம் தள்ளி நிற்கிற ஆளுக்குச் சொல்லவேண்டியதை மூன்றாம் ஆளிடம் சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். அப்படியே பேரம் பேசி நிலம் வாங்கினவர்கள் உண்டு, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் முடித்தவர்களும் உண்டு.

"அண்ணி, ஜெயா கல்யாணத்துக்கு வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். இன்ஜின் எப்பிடி இருக்குதுன்னு அந்த ஆளு கேட்டுச் சொன்னா தேவலன்னு சொல்லுங்க."

பச்சையம்மாள் கணவனுக்கு எதிரே போய் நின்று, முகத்துக்கு நேராக, அதை வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். அண்ணி எப்போதும் எதையும் பதறாமல் செய்கிறவள்.

கவியரசன் பானெட்டைத் திறந்தார். மேல்மூடியைக் கழற்றினார். அரை முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டார். பழைய அண்ணன், பழைய நிற்கிற விதம். ஐந்து நிமிடம் அப்படியே நின்றார்.

"மூணாவது சிலிண்டர்ல தட்டுது" என்றார் கவியரசன், மனைவியிடம். "இது வாணாம். வேற ஒண்ணு எட்த்துக்கினு வரச்சொல்லு."

"சரின்னு சொல்லுங்க அண்ணி."

"சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள் அண்ணி. எதிரே உட்கார்ந்த கவியரசன், தம்பி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் வேற ஒண்ணு கொண்டுவரச் சொன்னாரே என்று அறிவுச்செல்வன் மலை இறங்கும்போது ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தார்.

ஜீவா மட்டும் பாடுகிற நிலையில் இல்லை.

"தட்டுதா? எங்க தட்டுது? கம்ப்யூட்டர் சொருகிப் பாத்தாச்சி சார். ஒரு குறையும் இல்லன்னு அதுவே சொல்லுது."

"கம்ப்யூட்டருக்குக் காது இருக்குதா?" என்று கேட்டார் அறிவுச்செல்வன்.

இந்தப் பேச்சு நடந்த இடத்தில் இரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அது போதும். மறுநாள் காலைக்குள் கவியரசன் தள்ளிவிட்ட வண்டி என்று ஊரெல்லாம் தெரிந்துபோய், அந்தப் பெரிய டீசலுக்குச் சங்கராபுரத்திலிருந்து வரவிருந்த இன்னொரு ஆள் வரவே இல்லை. ஜீவா பல்லைக் கடித்துக்கொண்டு பெட்ரோல் காரின் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

அதற்குள் சம்பந்தி போன் செய்தார். அவரிடம் அறிவுச்செல்வன் ஏற்கெனவே அவசரப்பட்டுக் கார் வாங்கியாயிற்று என்று சொல்லியிருந்தார்.

"அப்ப ஞாயித்துக்கெழம நம்ம புது வண்டியிலயே காஞ்சிபுரம் போயி பட்டு எட்த்துட்டு வந்துடலாம்" என்றார் சம்பந்தி.

"அது வந்துங்க, இன்ஜின எங்கண்ணங்கிட்ட காட்டிக்கினு இருக்கறேன்."

"வாங்கினதுக்கு அப்பறமா காட்டுவாங்க? சரி, பொண்ணுக்குப் பெரியப்பா அவரு. பந்தக்கால் நட வந்துடுவாரு இல்ல?"

"வராம எங்க போவாருங்க" என்று சொல்லிவிட்டு, அறிவுச்செல்வன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு பொய்யை மறைக்கச் சொன்ன உண்மை இன்னொரு பொய்யில் போய் முடிந்திருந்தது.

இரண்டாவது பயணத்தில் வார்த்தைகளை மறக்காமல் எடுத்துப் போனார்.

பெட்ரோல் கார் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. கவியரசன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

"ஓடிக்கினுதான் இருக்குது அண்ணி" என்றார் அறிவுச்செல்வன் பெருமையோடு. அவ்வளவு அமைதியான இன்ஜின் அது.

பச்சையம்மாள் சொல்ல, கவியரசன் உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவர், காது, மூடிய கண். போன தடவையைவிட ஜாஸ்தி நேரம் நின்றார்.

"சத்தம் சரியில்ல. இதுவும் வாணாம். இன்னொண்ணு இருந்தா இட்டாரச் சொல்லு. சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு."

அன்றைக்கு நாட்டுக்கோழி அடித்திருந்தாள் அண்ணி. சாப்பிட்டு முடித்ததும் கவியரசன் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவப் போனார். அண்ணி உள்ளே இலை எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிற்க யாரும் இல்லை. அறிவுச்செல்வன் எழுந்து அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. முதுகு போதும் என்று தோன்றியது.

"அண்ணா" என்றார். ஆறு வருடம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னபோது குரல் உடைந்தது.

"அன்னைக்கி நான் பண்ணது தப்புதாண்ணா. ஐநூறையும் கிழிச்சிப் போட்டுட்டு வேற அடிச்சிருக்கணும். கஞ்சத்தனம் பண்ணிட்டேன். நீ போட்டுக் குடுத்த மோட்டார்லதான் இன்னைக்கும் எங்க வூட்ல தண்ணி வருது. ஒவ்வொரு தரம் சுவிட்ச போடும்போதும் எனக்கு அழுக வருது. ஜெயா கல்யாணத்துல நீதாண்ணா முன்னால நிக்கணும். உம்பேரத்தான் மொதல்ல போடப் போறேன். வரேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுண்ணா. இல்ல, திட்டறதுன்னாலும் திட்டு."

கவியரசன் வாய் கொப்பளித்தார். முகத்தைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, குனிந்து ஒரு செருப்பைச் சரிசெய்து போட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாகவே கொட்டகைக்குள் போய்விட்டார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

அறிவுச்செல்வன் தொட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் இப்படி அழுவான் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அண்ணி வருகிற சத்தம் கேட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார்.

வீட்டில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"சத்தமே இல்லாத இன்ஜினுக்கு சத்தம் சரியில்லன்னா சொன்னாரு உங்கண்ணன்?" என்று விஜயலட்சுமி கேட்டாள். "நமக்கு வண்டியே வாணாம்னு நெனைக்கறாரு போல. அது புரியாம நீங்களும் ஏறி ஏறி எறங்கறீங்க."

ஜெயசுதா அப்பாவுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பெரியப்பா எதுனா சொன்னாராப்பா?"

"இன்ஜின் சரியில்லன்னாரு."

"என்னப் பத்தி?"

அறிவுச்செல்வன் டீயை ஊதிக் குடித்தார். "கேட்டாரு, கேட்டாரு. நல்லா இருக்கறியான்னு கேட்டாரு" என்றார். அவள் நம்பினாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

ஆனி மாதக் கடைசி நாள் வந்தது. விடிந்ததும் அச்சகத்திலிருந்து போன். "சார், இன்னைக்கி ஏத்தினாதான் உண்டு. நாளைக்கி ஆடி. பேரெல்லாம் அனுப்பிட்டீங்க, மேல ஒரு வரி காலியா வெச்சிருக்கீங்களே, அது யாரு?"

"சாயந்திரத்துக்குள்ள சொல்றேன்" என்றார் அறிவுச்செல்வன்.

ஜீவாவும் கெட்டிக்காரன்தான். சின்ன டீசலை மூன்று மெக்கானிக்குகளிடம் தனித்தனியாகக் காட்டி, மூன்று பேரும் ஒரு குறையும் இல்லை என்று சொன்னதை செல்போனில் படமெடுத்து வைத்திருந்தான். அதைப் போட்டுக் காட்டினான்.

"இதையும் அவரு தள்ளிட்டாருன்னா நான் கடைய மூடிட்டு ஊருக்குப் போயிட வேண்டியதுதான் சார். ஏற்கெனவே என் வண்டி எல்லாத்துக்கும் இன்ஜின் போச்சின்னு ஊருல பேசிக்கினு இருக்காங்க. நீங்க அவருகிட்ட எதுவும் கேக்காம, சும்மா சாப்ட்டுட்டு வந்துடுங்களேன்."

அறிவுச்செல்வன் சாவியை வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்து ஓட்டினார். போகும் வழியில் அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். இந்த வண்டியில் குறை கிடையாது, அது தெரிந்த விஷயம். அண்ணன் இதைச் சரி என்று சொன்னால் மனசில் கோபம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே அச்சகத்துக்குச் சொல்லி முதல் வரியில் பெயரைப் போடச் சொல்லலாம். இதையும் தள்ளினால், தம்பிக்கு ஒரு நல்லது நடப்பதை அவர் விரும்பவில்லை என்று அர்த்தம். அதன்பிறகு அந்த வரி இருந்து என்ன பிரயோசனம். இப்படியாக, பெட்ரோலா டீசலா என்று தொடங்கிய கேள்வி, தனக்கு அண்ணன் உண்டா இல்லையா என்பதில் வந்து நின்றது.

கவியரசன் இந்தத் தடவை காத்துக்கொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். ஹாரன் அடிக்கவேண்டிய அவசியமே இல்லாமல், கார் வளைவில் திரும்பியதும் எழுந்து நின்றார். அறிவுச்செல்வனின் நம்பிக்கை ஒரு சாண் ஏறியது.

பானெட் திறந்தது. ஸ்க்ரூ டிரைவர் காதுக்குப் போனது. கண்கள் மூடின. அறிவுச்செல்வன் தன் இஷ்ட தெய்வங்களை எல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டார்.

கவியரசன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

"பெல்ட்டுப் பக்கம் ஒரு மாதிரி கேக்குது. இது ஆவாது. வேற எதுனா இட்டாரச் சொல்லு."

"வேற இல்ல அண்ணி" என்றார் அறிவுச்செல்வன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "இதான் கடைசி வண்டி."

பச்சையம்மாள் கணவனிடம் அதைச் சொன்னாள். கவியரசன் முகம் வாடியது. கொஞ்சம் யோசித்து, "அப்ப மொதல்ல வந்துச்சே, அத இன்னொரு தரம் எட்த்துக்கினு வரச்சொல்லு. மறுபடியும் கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஆறு வருடமாக அடக்கி வைத்தது எல்லாம் அறிவுச்செல்வனுக்குப் பொங்கி வந்துவிட்டது. திறந்திருந்த பானெட்டை இரண்டு கையாலும் அடித்து மூடினார். அதன்மேல் கையை ஊன்றி, காரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த ஆளுகிட்ட சொல்லுங்க அண்ணி. தம்பி நல்லா இருக்கறது புடிக்கலன்னா புடிக்கலன்னு நேரா சொல்லட்டும். மூணு தரம் மல ஏறி வந்தேன். கையெடுத்துக் கும்பிடாத கொறையா நின்னு மன்னிப்பு கேட்டேன். ஒரு மனுசன் அழுவறத பின்னால விட்டுட்டுப் போன ஆளு அவரு. கல்லுகூட கரைஞ்சிருக்கும். இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இல்லன்னு சொல்லுங்க."

பச்சையம்மாள் திருப்பிச் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க அண்ணி."

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. நீங்களே அவரு மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"அவரு மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டம் இல்ல."

கவியரசன் மனைவியின் கண்ணீரைப் பார்த்தார். தம்பியின் முதுகைப் பார்த்தார்.

"இன்னா சொல்றான்?" என்று கேட்டார்.

இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, அத்தனையும் கேட்டுவிட்டு, இன்னா சொல்றான் என்கிறார். இதைவிடக் கேவலமாக ஒருவரை நக்கல் செய்ய முடியாது என்று அறிவுச்செல்வனுக்குத் தோன்றியது. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று பச்சையம்மாள் கணவனின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "கெளம்பறாராம்."

"சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு. கறி எட்த்து வெச்சிருக்குதுன்னு சொல்லு."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. வளைவு திரும்பும்வரை பக்கக் கண்ணாடியில் கவியரசன் தெரிந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு சாலையின் நடுவில் நின்றிருந்தார்.

இரண்டு கிலோமீட்டர் இறங்கியதும் சடையன் என்கிற மலைக்காரரின் டீக்கடை. அங்கே வந்தால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். அறிவுச்செல்வன் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"அந்த மேல் வரி தேவையில்ல. எடுத்துட்டு அடிச்சிடுங்க."

"பெரியப்பா பேரு வரும்னு அப்பறமா அம்மா சொன்னாங்களே சார்."

"பெரியப்பா யாரும் கெடையாது. அடிங்க."

"சரிங்க சார். மெஷின் ரெடியாத்தான் இருக்குது. நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஆயிரமும் ஓடி முடிஞ்சிடும்."

அடுத்து ஜீவாவுக்குப் போட்டார். "நாளைக்கி ஆடி. இன்னைக்கே முடிச்சிடலாம். எந்த வண்டி வேணும்னாலும் குடுப்பா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அண்ணன் ஓக்கேன்னாரா சார்?" என்று ஜீவா சந்தோஷத்தில் கத்தினான்.

அறிவுச்செல்வன் போனை அணைத்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதையோ வெட்டிப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது, லேசாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. சடையன் கேட்காமலே ஒரு டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன். ஒரே வண்டிய மூணு தரம் மலைமேல எட்த்துக்கினு வந்துட்டு எறங்கறீங்க. இன்னா சார் கோளாறு அதுல?"

"ஒரே வண்டி இல்லீங்க. மூணும் வேற வேற. இன்ஜின் சத்தத்தக் கேட்டு எது நல்லதுன்னு சொல்லச் சொல்லி, மேல கவியரசங்கிட்ட கொண்டாந்தேன். மூணும் சத்தம் சரியில்லன்னுட்டாரு."

சடையன் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கவி மெக்கானிக்குகிட்டயா? அவருக்குக் காய்ச்சலு வந்து ரெண்டு காதும் சுத்தமா போயி மூணு வருசம் ஆவுதே சார், அதனாலதான் இப்ப பஞ்சரு மட்டும் ஒட்டறாரு. மொகத்துக்கு நேரா நின்னு வாயசைச்சாத்தான் அவருக்குப் புரியும், முதுகுக்குப் பின்னால நின்னு யாரு இன்னா சொன்னாலும் அது அவருக்குப் போய்ச் சேரவே சேராது."